நாய், தொப்பி, பீன்ஸ், சிவப்பு

பட்டறவாக்கம் ஸ்டேஷனில் இறங்கி எஸ்டேட் பக்கம் நடந்தால், கண்ணுக்கு முன்னால் மூக்குக்குத்தான் அம்பத்தூர் தெரியும். கூலன்ட் எண்ணெயும் சூடான இரும்பும் கலந்த வாசனை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஓடிக்கொண்டிருக்கும் சின்னச் சின்ன ஒர்க்‌ஷாப்கள். அப்படி ஒன்றில் வேலை பார்க்கும் டர்னர் ஒருவரை ஷிஃப்ட் முடிந்ததும் டீக்கடையில் சந்தித்தேன். ஐம்பதைத் தாண்டியவர். லேத்தில் தொடங்கியவர், சி.என்.சி. வந்தபோது அதையும் கற்றுக்கொண்டார். இருபது வருஷத்துக்கு முன்பு, தீபாவளி வரை தாங்காது என்று சொந்தக்காரர்களே நாள் குறித்துவிட்ட உடம்பு. கூட்டு மருந்து சாப்பிட ஆரம்பித்தார். இன்றைக்கு அவர் ரத்தத்தைப் பரிசோதித்தால் ஹெச்.ஐ.வி. வைரஸ் அகப்படாது. அந்த அளவுக்கு அடங்கிக் கிடக்கிறது.

அவருடைய இப்போதைய கவலை வேறு.

“மைக்ரோமீட்டர்ல அளவு பாக்குறேன் சார். திரும்பி பேனல்ல ஆஃப்செட் போடணும். நடுவுல ரெண்டு எட்டு. அந்த ரெண்டு எட்டுக்குள்ள நம்பர் போயிடுது.”

திரும்பப் போய் அளக்கிறார். மறுபடி போய்விடுகிறது. இப்போதெல்லாம் மெஷின் கதவிலேயே சாக்பீஸால் எழுதிக்கொள்கிறார். ஒருநாள் எழுதாமல் விட்டார். 0.05 போட வேண்டிய இடத்தில் 0.5 போட்டுவிட்டார். பத்து மடங்கு. டூல் போய் ஜாப்பில் இடித்து உடைந்தது. சத்தம் கேட்டு வந்த முதலாளி ஒன்றும் பேசாமல் பக்கத்தில் வந்து வாயை மோந்து பார்த்திருக்கிறார். “குடிச்சிருந்தா தேவலைன்னு தோணுச்சு சார். சொல்றதுக்கு ஒரு காரணமாச்சும் இருந்திருக்கும்” என்றார் டீயை ஆற்றிக்கொண்டே.

அவருடைய பெயர், கம்பெனி, தெரு எதுவும் இங்கே வராது. ஒருவரின் ஹெச்.ஐ.வி. நிலையை அவர் சம்மதமில்லாமல் வெளியிடக் கூடாது என்று 2017-ல் வந்த சட்டம் சொல்கிறது. சட்டம் சொல்லாவிட்டாலும், எட்டு பேர் வேலை பார்க்கும் இடத்தில் ஒருவரைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாகும்?

வயசானால் மறதி வரும்தானே என்று கேட்கலாம். வரும். சர்க்கரை இருந்தால், தூக்கம் கெட்டால், கடன் இருந்தால்கூட வரும். ஆனால் உலகம் முழுக்க நரம்பியல் மருத்துவர்கள் இருபது ஆண்டாகத் தலையைப் பிய்த்துக்கொள்ளும் கேள்வி ஒன்று இந்த டர்னரின் சாக்பீஸ் எழுத்தில் இருக்கிறது. மருந்தால் வைரஸை அடக்கிய பிறகும் சிலருக்கு மூளையும் நரம்பும் ஏன் முழுசாகத் திரும்பவில்லை?

காத்திருக்க வைத்த எண்

இந்தியாவில் ஹெச்.ஐ.வி. முதலில் கண்டுபிடிக்கப்பட்டதே சென்னையில்தான். 1986-ல், மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும். மயிலாப்பூரில் காப்பகம் ஒன்றில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடம் எடுத்த ரத்தத்தை வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோய்ச் சோதித்தபோது அந்த உண்மை வெளிப்பட்டது. ‘அந்த வியாதி நம்ம ஊர்ல எங்கே’ என்ற பேச்சு அன்றோடு முடிந்தது. சுனிதி சாலமன் 1993-ல் ஒய்.ஆர்.ஜி. கேர் அமைப்பைத் தொடங்கினார். 2015-ல் மறையும்வரை இந்த நோயாளிகளை விட்டு அவர் நகரவில்லை.

நோய் தெரிந்தது 1986-ல். அரசு ஆஸ்பத்திரியில் இலவச மருந்து வந்தது 2004 ஏப்ரல் 1-ல். நடுவில் பதினெட்டு ஆண்டுகள். முதலில் நாடெங்கும் எட்டே எட்டு அரசு ஆஸ்பத்திரிகள். அதில் ஒன்று தாம்பரம் சானடோரியம். ஆவடியிலும் பூந்தமல்லியிலும் இருந்தவர்கள் அங்கேதான் போனார்கள். ஆவடியில் ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கி, நடந்து பார்க் ஸ்டேஷன் வந்து, அங்கிருந்து தாம்பரம் வண்டி. பின்னாளில் பக்கத்திலேயே கூட்டு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையங்களும், ரத்தப் பரிசோதனைக்கான ‘நம்பிக்கை மையங்களும்’ வந்தும், பலர் தாம்பரத்தை விடவில்லை. தெரிந்த முகம் எதிரில் வராத தூரம் அது.

மருந்து வந்ததும் எல்லாருக்கும் கிடைத்துவிடவில்லை. சி.டி.4 என்ற எதிர்ப்பு அணுவின் எண்ணிக்கை பார்ப்பார்கள். நல்ல உடம்பில் அது 500-க்கு மேல் இருக்கும். அன்றைய விதிப்படி, நோய் முற்றிய அறிகுறி இல்லாதவர்களுக்கு 200-க்குக் கீழே இறங்கினால்தான் மருந்து. அந்த எல்லை பிறகு 350 ஆனது, 500 ஆனது. கண்டுபிடித்த உடனே எல்லாருக்கும் மருந்து என்று மாறியது 2017-ல். 200 என்ற விதி இருந்த காலத்தில் 210 இருந்தவரை, ‘இன்னும் கொஞ்சம் குறையட்டும், அப்புறம் வாங்க’ என்று அனுப்பினார்கள். மருந்துக்குப் பஞ்சமான காலம்; அப்போது தெரிந்த மருத்துவமும் அவ்வளவுதான். டர்னருக்கு மருந்து தொடங்கியபோது சி.டி.4 எண்பத்துச் சொச்சம்.

மூளை விஷயத்தில் இந்த எண்ணுக்கு நீண்ட நிழல் உண்டு. ஒருவருடைய சி.டி.4 வாழ்நாளில் எவ்வளவு கீழே போயிற்று என்பதற்கும், பின்னாளில் அவருடைய நினைவாற்றல் எப்படி இருக்கிறது என்பதற்கும் தொடர்பு இருப்பதாக ஆய்வுக்குப் பின் ஆய்வு காட்டியிருக்கிறது. இன்று 600, 700 என்று ஏறியிருக்கலாம். மூளை அந்தப் பழைய எண்பதை மறப்பதில்லை.

எட்டாம் நாள்

வைரஸ் மூளைக்குப் போக எத்தனை நாளாகும்? நோய் முற்றிய பிறகு என்றுதான் முன்பு நினைத்தார்கள். 2012-ல் பாங்காக்கில் நடந்த ஓர் ஆய்வு இதை மாற்றியது. தொற்று ஏற்பட்டு சில நாட்களே ஆனவர்களைத் தேடிப்பிடித்து, முதுகுத்தண்டு நீரை எடுத்துப் பார்த்தார்கள். எட்டாம் நாளிலேயே அங்கே வைரஸ் இருந்தது. காய்ச்சல்கூட வந்திருக்காத நாள் அது.

ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே ஒரு தடுப்பு உண்டு. கண்டதும் உள்ளே போக முடியாது. ஆனால் உடம்பின் காவல் அணுக்களுக்கு அனுமதி உண்டு. வைரஸ் அந்தக் காவல்காரர்களின் சட்டைக்குள் ஒளிந்துகொண்டு உள்ளே போகிறது. போனதும் நரம்பு அணுக்களை நேரடியாகத் தொடுவதில்லை. மூளையிலேயே குடியிருக்கும் மைக்ரோக்லியா என்ற காவல் அணுக்களைப் பிடித்துக்கொள்கிறது. அவை கலவரப்பட்டு ரசாயனங்களைக் கக்க, பக்கத்தில் இருக்கும் நரம்பு அணுக்கள் வாடுகின்றன. மருந்து வைரஸின் பெருக்கத்தை நிறுத்திவிடும். ஆனால் மைக்ரோக்லியாவின் ஆயுள் நீளமானது. பிடிபட்டது வருஷக்கணக்கில் அப்படியே இருக்கும். தண்ணீர் ஊற்றி அணைத்த அடுப்பில் கங்கு கனிவது மாதிரி ஒரு மெல்லிய அழற்சி தொடர்கிறது.

மருந்து இல்லாத காலத்தில் இதன் உச்சம் பயங்கரமாக இருந்தது. நடை தள்ளாடி, பேச்சு குறைந்து, படுக்கையோடு படுக்கையான ஹெச்.ஐ.வி. டிமென்ஷியா. அது இன்று அபூர்வம். கூட்டு மருந்தின் மிகப் பெரிய வெற்றிகளில் அதுவும் ஒன்று. இப்போது மிஞ்சியிருப்பது மெல்லியது: ஒரே நேரத்தில் இரண்டு வேலை முடியாமல் போவது, சொல் நாக்கு நுனியில் நின்றுவிடுவது, எதையும் செய்ய ஒரு கணம் கூடுதலாக ஆவது. வீட்டில் இருப்பவர் இதைக் கவனிக்கவே மாட்டார். மைக்ரான் கணக்கில் வேலை செய்பவர் கவனிப்பார்.

எதிர்ப்புச் சக்தி குறைந்த சமயம் பார்த்து வரும் மூளைக்காய்ச்சல் வேறு கதை. மருந்துக்கு முந்திய நாட்களில் காசநோய் மூளைக்காய்ச்சலோ கிரிப்டோகாக்கஸ் பூஞ்சையோ வந்து பிழைத்தவர்கள் நம்மூரில் ஏராளம். அவர்களுக்கு அந்தத் தழும்பும் சேர்ந்தே இருக்கும்.

செருப்பு கழன்றது தெரியாத கால்

ஆவடியில் ஒரு அக்கா. எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைக்கிறார். கணவர் பூந்தமல்லி ஹைரோட்டில் லாரி ஓட்டியவர். இலவச மருந்து வருவதற்கு முந்தைய வருஷம் போய்விட்டார். நெடுஞ்சாலை லாரி டிரைவர்களிடம் எய்ட்ஸ் பிரச்சாரம் செய்ய 1995-லேயே ‘ஏபேக்’ திட்டம் வந்தது. பேனர், ஆணுறை, தெருக்கூத்து எல்லாம் உண்டு. டிரைவர் வீட்டுக்குள் இருக்கும் பெண்ணைத் தேடி அன்று யாரும் வரவில்லை என்கிறார் அக்கா.

அவருக்கு மறதி இல்லை. கடன் வாங்கியவர் பட்டியல் விரல் நுனியில் இருக்கிறது. பிரச்சினை காலில். ராத்திரியானால் உள்ளங்கால் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல எரியும். போர்வை பட்டால்கூடத் தாங்காது. பகலிலோ நேர்மாறாக மரத்துக் கிடக்கும். “மார்க்கெட்ல போய்க்கிட்டே இருக்கேன் தம்பி, ஒரு பொண்ணு பின்னாடியே ஓடியாந்து ‘அக்கா, செருப்பு’ன்னு குடுக்குது. பாத்தா ஒத்தக் கால்ல தான் இருக்கு.” தையல் மெஷின் பெடலை எவ்வளவு அழுத்துகிறோம் என்று பாதத்துக்குத் தெரிவதில்லை. கண்ணால் ஊசியின் வேகத்தைப் பார்த்துத்தான் காலை அளந்துகொள்கிறார்.

இதில் வைரஸுக்கும் பங்கு உண்டு, மருந்துக்கும் உண்டு. 2001-ல் மும்பையின் சிப்லா கம்பெனியின் யூசுப் ஹமீத், மூன்று மருந்துக் கூட்டை நாளொன்றுக்கு ஒரு டாலருக்கும் குறைவாகத் தருகிறேன் என்று அறிவித்தார். மேற்கத்திய கம்பெனிகள் வருஷத்துக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் வாங்கிக்கொண்டிருந்த நேரம். உலகத்தின் ஏழை நோயாளிகள் பலர் உயிர் பிழைத்தது அந்த அறிவிப்பால் என்றால் பெரிதாகச் சொன்னதாகாது. அந்த மலிவுக் கூட்டில் ஒரு மருந்து ஸ்டாவுடின். 2004-ல் நம் அரசு ஆஸ்பத்திரிகள் கொடுத்ததிலும் அது இருந்தது. உயிரைக் காத்த அதே மாத்திரை, கை கால் நுனி நரம்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கருக்கியது. கன்னத்துக் கொழுப்பைக் கரைத்து முகத்தை ஒட்ட வைத்தது. பலருக்குக் கூடவே காசநோய் மருந்தும் ஓடியது. அதில் உள்ள ஐசோநயசிட்டும் நரம்பைத் தாக்கும். அதைத் தடுக்கத்தான் பி6 மாத்திரை சேர்த்துத் தருவார்கள். 2009-ல் உலக சுகாதார நிறுவனம் ஸ்டாவுடினை விட்டுவிடச் சொன்னது. இந்தியாவிலும் அது படிப்படியாக நிறுத்தப்பட்டது. மருந்து போய்விட்டது, எரிச்சல் போகவில்லை.

அடுத்து வந்தது எஃபாவிரன்ஸ். ராத்திரி படுக்கப்போகும்போது போட வேண்டிய மாத்திரை, ஏனென்றால் தலை கிறுகிறுக்கும். கனவுகள் கலர் சினிமா மாதிரி வரும்; சிலருக்குப் பேய்ப்படம். மனச்சோர்வையும் அது கூட்டக்கூடும் என்பதால் மருத்துவ உலகம் அதன்மேல் சந்தேகக் கண்ணோடுதான் இருந்தது. 2020-ஐ ஒட்டி டாலுடெக்ராவிர் அந்த இடத்துக்கு வந்தது. இப்போது பெரும்பாலானவர்கள் சாப்பிடுவது அது சேர்ந்த ஒற்றை மாத்திரையைத்தான். நல்ல மருந்து. சிலருக்குத் தூக்கம் கெடுகிறது, எடை கூடுகிறது. முந்தையவற்றோடு பார்த்தால் இதெல்லாம் சில்லறை.

நான்கு சொற்கள்

மறதியை அளக்க எளிய சோதனை ஒன்று உண்டு. 2005-ல் அமெரிக்காவிலும் உகாண்டாவிலும் சரிபார்த்து வெளியிட்ட சர்வதேச ஹெச்.ஐ.வி. டிமென்ஷியா அளவுகோல். படிப்பு தேவையில்லை, பேனா தேவையில்லை. நாய், தொப்பி, பீன்ஸ், சிவப்பு என்று நான்கு சொற்களைச் சொல்லித் திரும்பச் சொல்ல வைப்பார்கள். பிறகு, பழக்கமில்லாத கையின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஐந்து நொடிக்கு எவ்வளவு வேகமாகத் தட்ட முடியும்? பதினைந்து தட்டினால் முழு மதிப்பெண். அடுத்து மேசைமேல் கை: முஷ்டி, விரித்த உள்ளங்கை, பக்கவாட்டு. இந்த வரிசை பிசகாமல் பத்து நொடியில் நான்கு சுற்று. கடைசியில், அந்த நான்கு சொற்கள் என்ன? வராவிட்டால் ‘ஒரு மிருகம்’, ‘ஒரு காய்’ என்று எடுத்துக்கொடுப்பார்கள். அதற்கு அரை மார்க். மொத்தம் பன்னிரண்டு. பத்தும் அதற்குக் கீழும் என்றால் மேற்கொண்டு பார்க்க வேண்டும்.

வீட்டில் எனக்கு நானே போட்டுப் பார்த்தேன். பீன்ஸ் வரவில்லை. எனக்கு ஹெச்.ஐ.வி. இல்லை, அன்று ராத்திரி இரண்டு மணி வரை விழித்திருந்தேன். சோதனையின் பலவீனமும் அங்கேதான். உண்மையில் பாதிப்பு உள்ள பத்துப் பேரில் எட்டுப் பேரை அது பிடித்துவிடும். ஆனால் பாதிப்பே இல்லாத பத்துப் பேரில் நான்கைந்து பேரையும் சேர்த்துப் பிடித்துவிடும். டர்னரிடம் டீக்கடையில் நான் இதைச் செய்து பார்க்கவில்லை. விளையாட்டாகச் செய்கிற காரியமில்லை.

சென்னையில் இதை முறையாக ஆராய்ந்திருக்கிறார்கள். 2006-ல் வந்த ஆய்வு அது. தொற்றுள்ள 30 பேரையும் இல்லாத 30 பேரையும் விரிவான உளவியல் சோதனைகளில் ஒப்பிட்டது. தொற்றுள்ளவர்கள் பல பிரிவுகளில் தெளிவாகப் பின்தங்கியிருந்தார்கள். அந்தச் சின்ன ஆய்வு முக்கியமாகப் பட்டதற்குக் காரணம் உண்டு. இந்தியாவில் பரவியிருப்பது ‘சி’ வகை வைரஸ். அதன் டாட் என்ற புரதத்தில் சிஸ்டீன் இருக்க வேண்டிய ஓரிடத்தில் செரீன் இருக்கிறது. அந்த ஒற்றை மாற்றத்தால் காவல் அணுக்களை மூளைப் பக்கம் இழுக்கும் சக்தி அதற்குக் குறைவு என்று பெங்களூரு விஞ்ஞானி உதயகுமார் ரங்கா குழு 2004-ல் காட்டியது. நம்மூர் வைரஸ் மூளைக்குச் சாது என்று ஒரு நிம்மதி அப்போது பரவியது. சென்னை ஆய்வும், 2007-ல் பெங்களூருவிலிருந்து வந்த ஆய்வும் அந்த நிம்மதியைக் குலைத்தன. மருந்து தொடங்காதவர்களிடையே பெங்களூருவில் பார்த்தபோது, பத்துக்கு ஆறு பேரிடம் லேசானது முதல் மிதமானது வரை குறைபாடு இருந்தது. படுக்கையில் தள்ளும் டிமென்ஷியா இங்கே குறைவாக இருக்கலாம். மெல்லிய குறைபாடு குறைவில்லை.

அமெரிக்காவின் பெரிய ‘சார்ட்டர்’ ஆய்வு 1,555 பேரைப் பார்த்து 2010-ல் சொன்ன கணக்கு, 52 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு குறைபாடு. இந்த எண்ணைக் கேட்டு யாரும் அரண்டுபோக வேண்டாம். அதில் பெரும்பகுதி, சோதனைத் தாளில் மட்டும் தெரிந்து வாழ்க்கையில் தெரியாத வகை. டிமென்ஷியா 2 சதவீதம்தான். அந்த ஆய்வு பயன்படுத்திய அளவுகோலே ஆரோக்கியமானவர்களில் ஐந்தில் ஒருவரை ‘குறைபாடு’ என்று எழுதிவிடக்கூடியது என்ற விமர்சனம் வலுத்து, நோயாளியின் அன்றாட வாழ்க்கையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று 2023-ல் பன்னாட்டு நிபுணர் குழு ஒன்று புதிய அணுகுமுறையை முன்வைத்தது. எனக்கு அதுதான் சரியென்று படுகிறது. சார்ட்டரில் 436 பேரைத் தொடர்ந்து கவனித்தபோது, ஏறக்குறைய 61 சதவீதம் பேர் அப்படியே இருந்தார்கள். 23 சதவீதம் பேர் சரிந்தார்கள். 16 சதவீதம் பேர் தேறினார்கள். தேறினார்கள் என்பதை இரண்டு முறை படிக்கலாம்.

கேட்கப்படாத கேள்வி

டர்னர் போகும் மையத்தில் கவுன்சிலர் தவறாமல் கேட்கும் கேள்வி: “மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?” டப்பாவை வாங்கி மிச்ச மாத்திரைகளை எண்ணுவார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து சாப்பிட்டிருக்க வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை வைரஸ் அளவு. எடை, ரத்த அளவு எல்லாம் பச்சைப் புத்தகத்தில் ஏறும். இத்தனை வருஷத்தில் ஒருவர்கூட ‘ஞாபகம் எப்படி இருக்கு?’ என்று கேட்டதில்லை என்கிறார். மறதியே நோயாக இருக்கும் ஒருவரிடம் ‘மறக்காம போடுங்க’ என்று சொல்லி அனுப்புகிறோம். மையத்தின் வாசலில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால் அந்தக் கவுன்சிலரைக் குறை சொல்ல மனம் வராது. இருந்தாலும் கேட்க எத்தனை நொடி ஆகும்?

கேட்டால் என்ன பிரயோஜனம், மருந்தா இருக்கிறது என்பார்கள். ஹெச்.ஐ.வி. மறதிக்கென்று தனி மாத்திரை இல்லைதான். ஆனால் மறதிக்குத் திருத்தக்கூடிய காரணங்கள் நிறைய: தைராய்டு, பி12 குறைவு, மனச்சோர்வு, குடி, தூக்கமின்மை, சர்க்கரை, ரத்த அழுத்தம். மூளையின் நுண்ரத்தக் குழாய்களை அழற்சி ஏற்கெனவே சிரமப்படுத்துகிறது, பி.பி.யும் சேர்ந்தால் இரட்டை அடி. இந்தியா உட்பட 12 நாடுகளில் 7,769 பேரிடம் நடந்து 2023-ல் வெளியான ‘ரிப்ரீவ்’ ஆய்வு, பிடாவாஸ்டாடின் என்ற கொழுப்பு மாத்திரை ஹெச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் முதலானவற்றை 35 சதவீதம் குறைப்பதாகக் காட்டியது. நினைவைத் திருப்பித் தரும் என்று அது சொல்லவில்லை. பக்கவாதத்தைத் தடுப்பதே மூளைக்குப் பெரிய உபகாரம்.

அவசரம் ஒன்றும் உண்டு. ரத்தத்தில் வைரஸ் அடங்கியிருக்க, மூளை நீரில் மட்டும் அது தலைதூக்குவது அபூர்வமாக நடக்கும். புனே மருத்துவர்கள் இப்படிப்பட்டவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். வாரக்கணக்கில் குழப்பமும் நடைத் தள்ளாட்டமும் கூடிக்கொண்டே போனால், ‘வைரல் லோடு நார்மல்’ என்ற சீட்டை நம்பி வீட்டில் இருக்கக் கூடாது. முதுகுத்தண்டு நீரைப் பார்த்து மருந்தை மாற்றினால் பலர் மீள்கிறார்கள்.

2017-ன் சட்டம், ஹெச்.ஐ.வி.யைக் காட்டி வேலையை விட்டு அனுப்பக் கூடாது என்கிறது. 100 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம் புகார் அதிகாரி ஒருவரை நியமிக்க வேண்டும். அம்பத்தூர் எஸ்டேட்டின் எட்டுப் பேர் ஒர்க்‌ஷாப்பில் புகார் அதிகாரி யார்? முதலாளிதான், மோந்து பார்த்த அதே ஆள். ‘மூளையையும் பாதிக்குமாம்’ என்ற செய்தி அவர் காதில் தப்பாக விழுந்தால், பாசிட்டிவ் ஆட்களை மெஷினில் நிறுத்தாமலிருக்கப் புதுச் சாக்கு கிடைத்துவிடும். இதை எழுதும்போது எனக்கு இருந்த தயக்கம் அதுதான். சர்க்கரை வந்தவரையும் பி.பி. உள்ளவரையும் யாரும் மெஷினிலிருந்து இறக்குவதில்லை.

டர்னர் தன் வழியைத் தானே கண்டுபிடித்து வைத்திருக்கிறார். மாத்திரை போட்டோமா இல்லையா என்ற சந்தேகத்துக்கு ஒரு ஏற்பாடு: போட்டதும் டப்பாவைத் தலைகீழாக வைத்துவிடுவார், காலையில் நிமிர்த்துவார். குலுங்கிச் சத்தம் வராமலிருக்க உள்ளே பஞ்சு. லேபிளை எப்போதோ சுரண்டியாயிற்று. போனில் ஒன்பது மணிக்கு அலாரம். அதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் ‘மோட்டார் போடு’.

பேசிக்கொண்டிருக்கும்போதே அது அடித்தது. டீ மாஸ்டர் எட்டித் திரையைப் பார்த்துவிட்டு, “அதென்னண்ணே, உங்க வீட்டுக்கு மட்டும் தெனம் கரெக்டா ஒம்போது மணிக்கு தண்ணி வருது?” என்றார்.

“இருபது வருஷமா வருதுப்பா” என்றபடி எழுந்து டீக்குக் காசு கொடுத்தார். பாக்கிச் சில்லறையை இரண்டு முறை எண்ணிப் பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.